ஆறு நாளில் போன 1,575 டாலர்

2025 செப்டம்பர் கடைசியில் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரே களேபரம். மின்சாரக் காருக்கு அமெரிக்க அரசு தரும் 7,500 டாலர் வரிச்சலுகை 30-ஆம் தேதியோடு முடிகிறது, வண்டி இன்னும் கைக்கு வரவில்லையே என்று ஒருவர் புலம்ப, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டியிருந்தால் போதும், வண்டி அப்புறம் வந்தாலும் கிடைக்கும் என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். உண்மைதான், இந்த முறை விதி அப்படி. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டியான டொயோட்டா பிரியஸை நான் வாங்கியது 2006-ல். அந்த வருடம் ஜனவரி 1 முதல் ஹைப்ரிட் வண்டிகளுக்கு டாக்ஸ் கிரெடிட் என்று அமெரிக்க அரசு கொண்டுவந்திருந்தது. வருமானத்தில் கழிக்கும் டிடக்‌ஷன் இல்லை, கட்டவேண்டிய வரியிலேயே டாலருக்கு டாலர் குறையும். பிரியஸுக்கு 3,150, கேம்ரி ஹைப்ரிடுக்கு 2,600, சிவிக் ஹைப்ரிடுக்கு 2,100.

ஆனால் ஒரு கொக்கி. ஒரு நிறுவனம் மொத்தம் 60,000 ஹைப்ரிட் விற்றுவிட்டால், அதற்கு அடுத்த காலாண்டு முடிந்ததும் சலுகை பாதி, இன்னும் ஆறு மாதத்தில் கால், அப்புறம் பூஜ்ஜியம். அதாவது எந்த வண்டியை எல்லோரும் வரிசையில் நின்று வாங்குகிறார்களோ அதற்குத்தான் முதல் வெட்டு! டொயோட்டா அந்த ஜூனுக்குள்ளேயே எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது, அக்டோபர் 1 முதல் பாதி. ஃபோர்டு அவ்வளவு விற்கவில்லை, அதனால் அங்கே முழுத்தொகை பாட்டுக்குத் தொடர்ந்தது.

ஜூலையிலேயே முன்பணம் கட்டிவிட்டேன். "செப்டம்பரில் கண்டிப்பாக வந்துவிடும் சார்" என்றார் விற்பனையாளர். வந்தது அக்டோபர் 6. ஆர்டர் போட்ட தேதிக்கு மதிப்பில்லை, வண்டியைக் கையில் வாங்கிய தேதிதான் கணக்கு. ஆக 1,575.

சரி, அதாவது வருமே என்று அடுத்த ஏப்ரலில் 8910 என்ற படிவத்தை நிரப்பினால், ஏ.எம்.டி. (ஆல்டர்னேட்டிவ் மினிமம் டாக்ஸ்) குறுக்கே வந்து நின்றது. பணக்காரர்கள் வரியே கட்டாமல் தப்பிக்கக்கூடாது என்று வைத்த மாற்றுக் கணக்கு அது. மாநில வரி, வீட்டு வரி, பிள்ளைகளுக்கான கழிவு எதுவும் அதில் செல்லாது என்பதால் கலிஃபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்கடன் கட்டுகிற எங்களைப் போன்றவர்கள்தான் வசமாக மாட்டினோம். ஹைப்ரிட் கிரெடிட்டால் வரியை அந்தக் கணக்குக்குக் கீழே இறக்க முடியாது, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகவும் வழியில்லை. கடைசிக் கட்டத்தில் நான் எழுதியது சுழியம். "உங்களுக்கு 3,150 என்றாலும் இதேதான் வந்திருக்கும், விடுங்க" என்றார் கணக்குப் பார்த்தவர்.

உருப்படியாகக் கிடைத்தது மஞ்சள் ஸ்டிக்கர்தான். மாநிலம் 85,000 பேரோடு நிறுத்திக்கொண்ட அந்த ஸ்டிக்கரை பம்பரில் ஒட்டினால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போகும் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய கார்பூல் தடத்தில் தனியாளாகப் போகலாம். 2011 ஜூலையில் அதைச் செல்லாது என்று அறிவிக்கும்வரை 101 நெடுஞ்சாலையில் தினமும் அரைமணி நேரம் மிச்சம்.