பாஸ்கலின் பந்தயத் தாள்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 29, செவ்வாய்

1654-ல் இதே தேதியிட்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் பிளேஸ் பாஸ்கல், துலூஸில் இருந்த இன்னொரு கணிதவியலாளர் ஃபெர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுள் உண்டா என்று தெரியாவிட்டாலும், உண்டு என்று பணயம் வைப்பதே லாபம் என்பது பாஸ்கலின் பேர்போன கடவுள் பந்தயம். அதைப் படிக்க வருகிறவர்கள் இந்தக் கடிதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால்தான் பாதி வழியில் சறுக்குகிறார்கள். கடவுள் கணக்குக்கு அச்சு இங்கே இருக்கிறது.

இரண்டு பேர் ஆளுக்கு 32 பிஸ்தோல் (அன்றைய தங்கக் காசு) வைத்து ஆடுகிறார்கள். முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு மொத்தம் 64. ஒருவர் 2, மற்றவர் 1 ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

அடுத்த ஆட்டத்தை மனதுக்குள் ஆடிப் பார்க்கச் சொல்கிறார் பாஸ்கல். முன்னால் இருப்பவர் ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் 2-2, ஆளுக்கு 32. ஆக எது நடந்தாலும் 32 அவருடையது, வழக்கெல்லாம் மீதி 32-க்குத்தான். அதில் பாதி 16. அவருக்கு 48, எதிராளிக்கு 16. ஆட்டம் 2-0-வில் நின்றிருந்தால்? ஜெயித்தால் 64, தோற்றால் இப்போது கண்ட 48. ஆகவே 56. 1-0 என்றால் 56-க்கும் 32-க்கும் நடுவில், 44.

அதுவரை இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பலரும் ஆடி முடித்த ஆட்டங்களை எண்ணினார்கள். பாஸ்கல் ஆடாத ஆட்டத்துக்கு விலை போட்டார். வாய்ப்பைப் பரிசால் பெருக்கிக் கூட்டு: இன்று எதிர்பார்ப்பு மதிப்பு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

ஜூலை 31, வியாழன்

கடவுள் பந்தயத்தைப் பாஸ்கல் எழுதிவைத்த பந்தயத் தாள். உண்மையில் இரண்டு தாள், நான்கு பக்கம். எழுத்து எல்லாத் திசையிலும் ஓடுகிறது. அடித்தல், திருத்தல், ஓரத்தில் செருகல். தலைப்பாக இரண்டே சொல்: ‘முடிவிலி, ஒன்றுமில்லை’. அவர் குறிப்புகளின் தொகுப்பான ‘பான்சே’ (சிந்தனைகள்) நூலின் லஃபூமா பதிப்பில் இது துண்டு 418, பழைய பிரன்ஷ்விக் பதிப்பில் 233. மேற்கோள் தேடுகிறவர்கள் எந்தப் பதிப்பின் எண் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேறு துண்டில் போய் நிற்பார்கள்.

பாஸ்கலுக்குப் பெரிய தாளில் எழுதி, துண்டு துண்டாக நறுக்கி, ஊசிநூலில் கோத்துக் கட்டாக்கும் பழக்கம் இருந்தது. கிறிஸ்தவத்துக்கு ஆதரவாக அவர் திட்டமிட்ட பெரிய நூலுக்கான கட்டுகள் அவை. அவர் தலைப்பிட்டு வகைப்படுத்திய கட்டுகளில் பந்தயத் தாள் இல்லை. நூலில் அது எங்கே உட்காரும், உட்காருமா என்பதை அவர் முடிவு செய்யாமலே போனார். ‘பாஸ்கலின் முக்கிய வாதம்’ என்று அதைத் தூக்கிப் பிடிப்பவர்களும் போட்டு மிதிப்பவர்களும் இதைக் கவனித்தால் நல்லது.

ஆகஸ்ட் 2, சனி

கட்டம் போடும் முறை. குறுக்கே இரண்டு: கடவுள் உண்டு, இல்லை. நெடுக்கே இரண்டு: நம்புகிறேன், நம்பவில்லை. நான்கு கட்டம்.

‘எனக்குத் தெரியாது, ஆளை விடு’ என்பதற்கு ஐந்தாவது கட்டம் கிடையாது. “நீங்கள் ஏற்கெனவே கப்பலேறிவிட்டீர்கள்” என்கிறார் பாஸ்கல். தெரியாது என்பவரும் நாளைக் காலை எழுந்து ஏதாவதொரு விதமாகத்தான் வாழ்ந்தாக வேண்டும், அந்த வாழ்க்கை இரண்டில் ஒரு வரிசையில் விழும்.

நிரப்பலாம். உண்டு, நம்பினேன்: முடிவில்லாத வாழ்வு. இல்லை, நம்பினேன்: கொஞ்சம் செலவு. இல்லை, நம்பவில்லை: கொஞ்சம் மிச்சம். உண்டு, நம்பவில்லை: இங்கேதான் பலரும் தாங்களாகவே நரக நெருப்பை வைத்துவிடுகிறார்கள். தாளில் கணக்கு ஓடும் இடத்தில் நரகம் ஒரு எண்ணாக வரவே இல்லை. கைவிட்டுப் போகும் பரிசின் அளவை வைத்தே கணக்கு நடக்கிறது. பயமுறுத்தல் வாதம் என்று இதைத் தள்ளுபவர்கள் வேறு யாருடைய வாதத்தையோ தள்ளுகிறார்கள்.

தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் 1972-ல் காட்டியபடி, தாளில் இருப்பது ஒரு வாதமல்ல, மூன்று. ஒன்று: நம்பினால் எந்தக் கட்டத்திலும் நஷ்டமில்லை. இரண்டு: நஷ்டம் இருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் பரிசு பெரிது. மூன்று: வாய்ப்பு எவ்வளவு சிறிதானாலும், பூஜ்யமாக இல்லாதவரை, முடிவிலியால் பெருக்கினால் முடிவிலிதான். ஒன்று தடுக்கினால் அடுத்ததற்குத் தாவுகிறார் பாஸ்கல். இரண்டாவது சீக்கிரமே விழுகிறது. நாளை மழை வரும் அல்லது வராது என்று இரண்டே வழி இருப்பதால் மழைக்கு 50 சதவீதம் என்று யாரும் சொல்வதில்லையே. பூவா தலையா என்று அவர் கேட்பது உவமை, நாணயம் அங்கே கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் வாதம் நம் வீடுகளிலும் புழங்குவதுதான்: “கும்பிட்டு வெச்சா என்ன கொறைஞ்சா போகும்?”

குறையும். தினம் ஒரு மணி நேரம், 40 வருஷம் என்று வைத்தால் 14,600 மணி. முழு நாளாக 608, ஒரு வருஷம் எட்டு மாதம். விழித்திருக்கும் 16 மணி நேரத்தை மட்டும் நாளாகக் கொண்டால் இரண்டரை வருஷம். போக காணிக்கை, நோன்பு, கைவிட்ட வேலை, சேராத உறவு. கடவுள் இல்லாத உலகில் இந்தக் கட்டம் பூஜ்யமல்ல. பாஸ்கலுக்கும் இது தெரியும். “நச்சு இன்பங்கள்” போகும், பதிலுக்கு நேர்மையும் பணிவும் நன்றியும் கிடைக்கும் என்று ஈடுகட்டப் பார்க்கிறார். நேர்மையும் பணிவும் உள்ள நாத்திகர் ஒருவரைக் காட்டினால் அந்த ஈடு அங்கேயே தீர்ந்துபோகிறது.

செலவு உண்டு என்று ஒப்புக்கொண்டால் முடிவிலியை எடுத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். செலவு 10, வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பரிசு 5,000 என்றால் மதிப்பு 5, கையிலிருந்து 5 நஷ்டம். பரிசு 20,000 என்றால் மதிப்பு 20, லாபம் 10. செலவைப் பரிசால் வகுத்து வருவதைவிட வாய்ப்பு பெரிதாக இருந்தால் ஆடலாம். அவ்வளவுதான். ஆனால் இப்படிப் போட்டால் வாய்ப்பு எவ்வளவு என்ற பழைய சண்டைக்கே திரும்புகிறோம், அதிலிருந்து தப்பிக்கத்தானே பந்தயமே வந்தது. முடிவிலி அலங்காரத்துக்கு வரவில்லை. அதை உருவினால் வண்டி நகராது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முடிவிலியைக் கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனைச்சாலை, பீட்டர்ஸ்பர்க் புதிர். 1713-ல் நிக்கோலஸ் பெர்னூலி எழுப்பியது, 1738-ல் அவர் உறவினர் டேனியல் பெர்னூலி விடை சொன்னது.

ரூபாயில் போடுவோம். தலை விழும்வரை காசைச் சுண்ட வேண்டும். முதல் சுண்டலில் தலை என்றால் 2 ரூபாய், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 8. ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு பாதியாகிறது, பரிசு இரட்டிக்கிறது, ஆக ஒவ்வொரு படியும் ஒரு ரூபாய் பெறும். படிகளுக்கு முடிவில்லை, ஆட்டத்தின் மதிப்பும் முடிவிலி. ஆனால் இதற்கு நுழைவுச்சீட்டு ஆயிரம் ரூபாய் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஏன்? கொடுப்பவரிடம் ஒரு கோடிதான் இருக்கிறது என்று வையுங்கள். 23-வது படியில் பரிசு 83,88,608. அதுவரை 23 ரூபாய். அதற்கு மேல் எத்தனை படி போனாலும் ஒரு கோடிதான் கிடைக்கும், அந்த மிச்சம் முழுவதும் சேர்ந்து 1 ரூபாய் 19 காசு. மொத்தம் 24 ரூபாய் 19 காசு. முடிவிலி, ஒரு கோடி என்ற கூரை போட்டதும் இருபத்துநாலு ரூபாயாகிவிட்டது! டேனியல் பெர்னூலி வேறு பக்கம் போனார்: ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவனுக்கு அடுத்த ரூபாயின் பயன் குறைவு. இரண்டில் எதை எடுத்தாலும் பந்தயத்துக்கு அடி விழுகிறது. ‘சொர்க்கத்துக்குக் கூரை கிடையாது’ என்று பாஸ்கல் தரப்பு பதில் சொல்லலாம். சரி, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் மனிதனின் அனுபவத்துக்கும் கூரை கிடையாதா?

ஆகஸ்ட் 6, புதன்

பல கடவுள் ஆட்சேபம், சுருக்கமாக. இதையே ஒரு இமாமும் சொல்லலாமே என்றார் 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தத்துவவாதி திதெரோ. இதே சாயலுள்ள வாதம் பாஸ்கலுக்கு ஐந்து நூற்றாண்டு முன்பே இஸ்லாமிய இறையியலாளர் கஸ்ஸாலியிடம் இருக்கிறது, அதனால் திதெரோவின் கிண்டல் அவர் நினைத்ததைவிடப் பொருத்தம். இரண்டு வரிசைக் கட்டம் பத்து வரிசையாகிறது, பல வரிசைகளில் முடிவிலி, சில கட்டங்களில் ஒருவரின் பரிசு அடுத்தவரின் தண்டனை. நேர்மையாகச் சந்தேகித்தவனை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கடவுளுக்கும் ஒரு வரிசை போட வேண்டும். அவருக்கு வாய்ப்பு பூஜ்யம் என்று நிரூபித்தவர் யாருமில்லை.

ஆகஸ்ட் 9, சனி

திதெரோவின் ஆட்சேபம் ஊரறிந்தது. இதைவிடக் கூர்மையான ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. தத்துவத் துறையில் 1986-ல் ஆண்டனி டஃப் தொட்டார், 2003-ல் ஆலன் ஹாயெக் முழுதாக விரித்தார். ஒரே கடவுள்தான், வாய்ப்பு பூஜ்யமில்லை, பரிசு முடிவிலி: பாஸ்கல் கேட்பதையெல்லாம் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஒருவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காசைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் நம்புவது, பூ விழுந்தால் விடுவது. அவர் கணக்கு: பாதி பெருக்கல் முடிவிலி. விடை முடிவிலி, நம்பியவருக்கு வந்த அதே விடை. பகடை உருட்டி ஆறு விழுந்தால் நம்புவேன் என்றால் ஆறில் ஒன்று பெருக்கல் முடிவிலி, விடை மாறாது. லாட்டரிச் சீட்டு முதல் பரிசடித்தால் நம்புவேன் என்றாலும் அதேதான். கடைசியில் காசும் வேண்டாம். இன்று மாலை டீ குடிக்கப் போகிறவர், போகும் வழியில் மனம் மாறி நம்பிக்கைக்குள் வந்துவிட ஏதோ ஒரு துளி வாய்ப்பு உண்டு. ஆகவே டீ குடிக்கப் போவதன் மதிப்பும் முடிவிலி.

எதைச் செய்தாலும் முடிவிலி என்றால் ‘நம்பு’ என்று கணக்கு சொல்லவே இல்லை. இது நாத்திகர் வெளியிலிருந்து எறிந்த கல்லல்ல. பந்தயத் தாளின் தொடக்கத்திலேயே பாஸ்கல் கைப்பட எழுதியிருக்கிறார்: முடிவிலியோடு ஒன்றைக் கூட்டினால் அது கூடாது, முடிவில்லா நீளத்தோடு ஓர் அடி சேர்த்தாலும் அப்படியே. கூட்டினால் கூடாதது, பாதியாக்கினால் குறையாது. வாதத்துக்கு வலு தருவதும் அதை உடைப்பதும் அந்த ஒரே குணம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒட்டுப்போடும் முயற்சிகள். தத்துவ அறிஞர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர் சொன்னது: பரிசுகள் எல்லாம் முடிவிலியாகச் சமமாக நின்றால், வாய்ப்பு எதில் அதிகமோ அதை எடு. காசு சுண்டுபவர் நேராக நம்புபவரிடம் தோற்றுப்போகிறார், நல்லது. புத்திக்கு எட்டும் வழிதான், ஆனால் எதிர்பார்ப்பு மதிப்பு என்ற விதிக்கு வெளியே இன்னொரு விதியைக் கொண்டுவந்து வைக்கிறோம். தவிர, வாய்ப்பு எதில் அதிகம் என்று ஒப்பிட ஆரம்பித்தால் ஒவ்வொரு மதத்தின் சான்றையும் எடைபோட வேண்டும். புத்தியால் தீராது என்பதால்தானே பந்தயத்துக்கு வந்தோம்?

இன்னொரு ஒட்டு: முடிவிலிக்குப் பதில் மிகப் பெரிய, ஆனால் முடிவுள்ள எண். கணக்கு ஒழுங்காக ஓடும். ஆனால் அதைவிடப் பெரிய பரிசு ஒன்றைக் கற்பனை செய்யலாம் என்றாகிறது, சொர்க்கம் மிஞ்ச முடியாதது அல்ல என்றாகிறது. இறையியலாளர் கையெழுத்துப் போட மாட்டார். ஹாயெக்கின் முடிவும் இந்தப் பக்கம்தான்: கணக்கைச் சரிசெய்தால் சமயம் கசிகிறது, சமயத்தைக் காத்தால் கணக்கு கசிகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதே வேலையை முடிவிலி இல்லாமல் செய்த ஒன்று. பாலி மொழிப் பௌத்தத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 60-வது சூத்திரம், அபண்ணக சுத்தம். கோசல நாட்டில் சாலா என்ற ஊர். உங்களுக்கு நம்பிக்கையான ஆசிரியர் யாராவது உண்டா என்று புத்தர் கேட்க, இல்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அப்படியானால் எப்படிப் போனாலும் பிழைபடாத வழி ஒன்றைப் பிடியுங்கள் என்கிறார். மறு உலகம் இருந்தால் நல்லொழுக்கக்காரன் அங்கே பிழைத்தான். இல்லாவிட்டாலும் இங்கேயே அறிவுடையோர் அவனை மெச்சுகிறார்கள். தீயவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

அங்கேயும் சூதாட்டச் சொற்கள்தான். நல்லவனுக்கு இரண்டிடத்திலும் ‘கட’ வீழ்வு (ஜெயிக்கும் வீழ்வு; கிருதம் என்பதன் பாலி வடிவம்), தீயவனுக்கு இரண்டிடத்திலும் ‘கலி’ வீழ்வு (தோற்கும் வீழ்வு). நாம் யுகங்களுக்கு வைத்திருக்கும் கிருதம், கலி என்ற பெயர்கள் சூதாட்ட வீழ்வுகளின் பெயர்களே.

வித்தியாசம் எங்கே? இங்கே பணயம் ஒழுக்கம், இறைநம்பிக்கையல்ல. மறுமை இல்லாத கட்டத்திலும் சிறு லாபம் வைத்திருப்பதால் முதல் வாதமே போதும், முடிவிலி வரை போக வேண்டியதில்லை. அதனால் டீ குடிக்கப் போகிறவரின் குறுக்கீடு இதைத் தொடாது. ஓட்டை வேறிடத்தில்: அறிவுடையோர் மெச்சாத ஊரில், தீயவன் செழிக்கும் ஊரில், அந்தச் சிறு லாபம் நிற்குமா? பாஸ்கலுடையதைவிட இது உறுதியான வாதம் என்றே தோன்றுகிறது, வாக்குறுதி சிறியது என்பதால்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கணக்கு முழுதும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ‘நம்பு’ என்று விடை வந்தால் நம்பிவிட முடியுமா? ஒரு லட்சம் தருகிறேன், மேசைமேல் யானை நிற்கிறது என்று நம்புங்கள் என்றால், சொல்ல முடியும், நம்ப முடியாது. இந்த ஆட்சேபத்தைப் பிற்காலத்தவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது தவறு. தாளில் எதிராளியின் வாயிலேயே அது வருகிறது: என்னால் நம்ப முடியாதபடி நான் செய்யப்பட்டிருக்கிறேன், என்ன செய்ய?

பாஸ்கலின் பதில் செய்முறை. சான்றுகளைப் பெருக்காதே, ஆசைகளைக் குறை. முன்பு உன்னைப் போலக் கட்டுண்டு இருந்தவர்கள் எப்படித் தொடங்கினார்களோ அப்படித் தொடங்கு: நம்புகிறவன் போல எல்லாம் செய், புனித நீர் தொட்டுக்கொள், பூசை செய்வி. அது உன்னை இயல்பாகவே நம்பவைக்கும், உன்னை ‘விலங்காக்கும்’. அந்தக் கடைசிச் சொல் நண்பர்களுக்கே பொறுக்கவில்லை. 1670-ல் போர்-ரோயால் மடத்தைச் சார்ந்த நண்பர்கள் கொண்டுவந்த முதல் பதிப்பில் அது இல்லை. வேறொரு துண்டில் அவரே விளக்குகிறார்: நாம் மனம் மட்டுமல்ல, அதே அளவுக்கு இயந்திரமும். 1642-ல் பல்சக்கரக் கூட்டல் இயந்திரம் செய்தவருக்கு அது வெறும் உவமையாக இருந்திருக்காது. சக்கரத்தைச் சுற்றினால் எண் வரும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எந்தச் சடங்கையும் இப்படிச் சுற்றினால் அதற்குரிய நம்பிக்கை வந்து நிற்கும், பொய்யானதற்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

1662-ல் இதே தேதியில் பாஸ்கல் பாரிஸில் இறந்தார், 39 வயது. அந்த மார்ச் 18-ல்தான் அவர் பங்கெடுத்த ஐந்து சூ (சில்லறைக் காசு) கட்டண வண்டிகள் நகரில் ஓடத் தொடங்கியிருந்தன. குறித்த தடம், குறித்த கட்டணம், ஆள் நிறையாவிட்டாலும் புறப்பாடு.

இறந்த சில நாளில் வேலைக்காரர் ஒருவர் அவர் மேலங்கியின் உள்துணியில் ஏதோ தடிப்பதைக் கண்டு பிரித்தார். ஒரு தோல்தாள், அதற்குள் ஒரு காகிதம், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். 1654 நவம்பர் 23, திங்கள், இரவு பத்தரை சுமாரிலிருந்து பன்னிரண்டரை சுமார் வரை. அடுத்து ஒரே சொல்: தீ. பிறகு, ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளுடையவரும் அறிஞர்களுடையவரும் அல்ல. பிறகு, நிச்சயம், நிச்சயம், உணர்வு, மகிழ்ச்சி, சமாதானம்.

பணயம், வாய்ப்பு, பரிசு எதுவும் அந்தத் தாளில் இல்லை. எட்டு வருஷம் அங்கியோடு தைத்துச் சுமந்திருக்கிறார். அதை எழுதிய இரவில், ஃபெர்மாவுக்கு 48, 56, 44 என்று கணக்கு அனுப்பி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.