மார்க்டவுனில் ஸ்லைடு எழுதுகிறவர்கள் வைவாவுக்கு முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் எம்.டெக் படிக்கிற நம் ஆட்களில் நிறைய பேர் இப்போது பவர்பாயிண்டை விட்டுவிட்டு மார்க்டவுனில் (தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சில குறிகளால் காட்டுகிற எளிய எழுத்து முறை) ஸ்லைடு எழுதுகிறார்கள். அந்த எழுத்தை ஸ்லைடாக மாற்றித் தரும் கருவி சிலருக்கு மார்ப், சிலருக்கு ரிவீல் ஜேஎஸ், லேடெக்ஸ் (அறிவியல் கட்டுரைகளை அச்சுக்கு அமைக்கும் மென்பொருள்) பழகியவர்களுக்கு பாண்டாக் என்ற மாற்றிக் கருவி வழியாக லேடெக்ஸின் ஸ்லைடு வடிவமான பீமர். நான் செமினாரிலிருந்து ஃபைனல் வைவா (ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வு) வரைக்கும் மார்ப்பிலேயே ஓட்டினேன், ரிவ்யூ நெருங்கும்போது ஜூனியர்களின் ஸ்லைடுகளையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எதை எந்த வரிசையில் சரிபார்த்தால் பலன் அதிகம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க்டவுனில் எழுதும்போது நம் கண்ணில் படுவது வெறும் எழுத்து, எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) பார்க்கப் போவது திரை. ஃபைல் பளிச்சென்று இருந்தாலும் ஸ்லைடு மோசமாக இருக்கலாம், அதனால் கடைசி முடிவை எப்போதும் பிடிஎஃப் ஆக்கிய பக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இந்த வெறும் எழுத்துதான் பெரிய வசதி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தலைப்புகளை மட்டும் தனியாக உருவிப் படியுங்கள். மார்க்டவுனில் தலைப்பு வரி # குறியில் தொடங்கும், டெர்மினலில் கிரெப் (வரிகளைத் தேடி எடுக்கும்) கட்டளை போட்டு அந்த வரிகளை மட்டும் எடுத்தால் மொத்த ஸ்லைடுகளின் தலைப்பும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும் (ஸ்லைடில் பைத்தான் கோடு இருந்தால் அதிலுள்ள கமென்ட் வரிகளும் சேர்ந்து வரும், அவற்றை விட்டுவிடலாம்). வந்த பட்டியலை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் உங்கள் ப்ராஜெக்ட் எதைப் பற்றியது, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவரால் சொல்ல முடிகிறதா? முக்கால்வாசி பேருடைய பட்டியல் இன்ட்ரொடக்‌ஷன், லிட்டரேச்சர் சர்வே, மெத்தடாலஜி, ரிசல்ட்ஸ், ரிசல்ட்ஸ், ரிசல்ட்ஸ், கன்க்ளூஷன் என்றுதான் இருக்கும். கடைப் பலகைகளில் உள்ள கன்னட எழுத்தைப் படம் பார்த்து அடையாளம் காண்கிற ப்ராஜெக்டுக்கும் இதே தலைப்புதான், சிமென்ட் கலவை ப்ராஜெக்டுக்கும் இதே தலைப்புதான்.

முருகேஷ்பாளையத்தில் எங்கள் பிஜியில் (தங்கும் விடுதியில்) இருந்த தம்பி ஒருவனுடையது அந்தக் கடைப் பலகை ப்ராஜெக்ட். அவனுடைய ரிசல்ட்ஸ் ஸ்லைடில் ஒரு பெரிய டேபிள், அதற்குக் கீழே நான்கு புல்லட். அதில் மூன்றாவது புல்லட்டில்தான் விஷயமே இருந்தது: பகலில் எடுத்த படங்களில் மாடல் நன்றாக வேலை செய்கிறது, இரவில் நியான் விளக்கு பட்ட பலகைகளில்தான் தடுமாறுகிறது. அதைத் தூக்கித் தலைப்பாக வை என்றேன். “அண்ணா, ரிசல்ட்ஸ்னு போடலைன்னா கைடு கேப்பாரே?” என்றான். நியாயமான பயம்தான், சில துறைகளில் டெம்ப்ளேட்டே அப்படித்தான் கொடுக்கிறார்கள். மார்ப்பில் பக்கத்தின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி காட்டும் ஹெடர் வசதி இருக்கிறது, ரிசல்ட்ஸ் என்பதை அங்கே போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் ‘இரவுப் படங்களில்தான் பிழை அதிகம்’ என்ற கருத்தை முழு வாக்கியமாக வைத்தோம். டேபிளில் பகல், இரவு என்ற இரண்டு வரிகள் மட்டும் மிஞ்சின, மற்றதெல்லாம் கடைசியில் பேக்கப் ஸ்லைடுக்குப் போயிற்று. புல்லட்டுகளுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, அந்த இடத்தில் மாடல் தவறாகப் படித்த ஒரு பலகையின் படம் வந்தது. டேபிள் சொல்லாததை அந்த ஒரு படம் சொன்னது.

தலைப்பில் கருத்தை முழு வாக்கியமாக வைத்து, கீழே அதற்கான சான்றை மட்டும் படமாகவோ வரைபடமாகவோ காட்டுகிற இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஆலி இதைப் பல வருடங்களாகப் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு இதில் பிடித்தது, தலைப்பை வாக்கியமாக எழுத முடியாமல் திணறினால் அந்த ஸ்லைடில் சொல்ல ஒன்றும் இல்லை என்று நமக்கே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஸ்லைடைத் தயங்காமல் தூக்கிவிடலாம்.

தலைப்பு சரியாகிவிட்டதா, அப்புறம் பக்கங்களைப் பாருங்கள். மார்ப்பில் ஒரு ஸ்லைடு என்பது 1280க்கு 720 பிக்சல் கொண்ட ஒரு பெட்டி, அதற்குள் அடங்காத எழுத்து கீழே வெட்டுப்பட்டுப் போகும். எழுதும் ஃபைலில் எல்லா வரியும் இருப்பதால் நமக்குச் சந்தேகமே வராது, மேடையில் நின்று திரும்பிப் பார்த்தால் கடைசி இரண்டு வரி இருக்காது. இதற்கு நான் செய்வது, எல்லா ஸ்லைடையும் பிஎன்ஜி படங்களாக எக்ஸ்போர்ட் செய்து (மார்ப் கமாண்ட் லைனில் இதற்கு வசதி உண்டு) ஃபோல்டரைத் திறந்து சின்னச் சின்னப் படங்களாக மொத்தமாகப் பார்ப்பது. எந்தப் பக்கம் எழுத்தால் நிரம்பிக் கறுப்பாகக் கிடக்கிறது, எதில் அடி வெட்டுப்பட்டிருக்கிறது, எங்கே வரிசையாக ஐந்து பக்கம் படமே இல்லை என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வெட்டுப்பட்ட ஸ்லைடுக்கு எல்லோரும் உடனே செய்வது எழுத்தளவைக் குறைப்பது. அதைச் செய்யாதீர்கள், ஸ்லைடை இரண்டாக உடையுங்கள் அல்லது பாதியை வெட்டுங்கள்.

இனி மார்க்டவுனுக்கே உரிய சில பொறிகள். பக்கம் பிரிக்க --- போடுகிறோம் இல்லையா, அதற்கு மேலே ஒரு வெற்று வரி விட்டே ஆக வேண்டும். ஒரு வரி எழுத்துக்கு ஒட்டியபடியே கீழே --- வைத்தால் மார்க்டவுன் விதிப்படி அந்த எழுத்து இரண்டாம் நிலைத் தலைப்பாக மாறிவிடும், பக்கமும் பிரியாது. இரண்டு ஸ்லைடு ஒட்டிக்கொண்டு, நடுவில் ஏதோ ஒரு சாதாரண வரி திடீரென்று தடித்த பெரிய எழுத்தில் நின்றால் காரணம் இதுதான். ஒருவர் மார்ப்பில் எழுதியதை இன்னொருவர் பாண்டாக்கில் ஓட்டும்போது வேறு சிக்கல் வரும்: பத்தி வரிக்கு அடுத்த வரியிலேயே புல்லட் தொடங்கினால் மார்ப் அதைப் பட்டியலாகக் காட்டும், பாண்டாக் நடுவில் வெற்று வரி இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும். வரி முறிவும் அப்படித்தான், ஃபைலில் ஒரு என்டர் தட்டினால் மார்ப் ஸ்லைடிலும் அடுத்த வரிக்குப் போகும், பாண்டாக் இரண்டையும் ஒட்டிவிடும். அதனால் டீமில் எல்லோரும் ஒரே கருவியில் ஓட்டிப் பாருங்கள், ஒருவர் முந்தின இரவு கருவியை மாற்றினால் எல்லா ஸ்லைடையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

மார்க்டவுன் ஃபைலில் விதிமீறல்களைச் சுட்டிக்காட்டும் மார்க்டவுன்லிண்ட் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். போடுங்கள், விஎஸ் கோடு எடிட்டரில் எக்ஸ்டென்ஷனாகவே கிடைக்கிறது, தலைப்பைச் சுற்றி வெற்று வரி விடாதது, படத்துக்கு விவரணை எழுதாதது போன்றவற்றை நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் விதிகள் கட்டுரைக்காக எழுதப்பட்டவை. ஒரு ஃபைலில் ஒரே ஒரு முதல்நிலைத் தலைப்புதான் வேண்டும் என்ற 25ஆம் எண் விதி, உள்ளே எச்டிஎம்எல் கூடாது என்ற 33, ஒரு வரி 80 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற 13 ஆகியவற்றை ஸ்லைடுக்கு அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு வந்து உண்மையான தப்பும் அதில் மறைந்துவிடும். சாட்ஜிபிடியிடம் மார்க்டவுனைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கில இலக்கணத்துக்கு உதவும், ஆனால் நீங்கள் எழுத்தை மட்டும் கொடுத்தால் வெட்டுப்பட்ட பக்கம் அதற்கு எப்படித் தெரியும்? லிட்டரேச்சர் சர்வேயை அது எழுதிக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு பேப்பரையும் நீங்களே திறந்து பாருங்கள், இல்லாத பேப்பரை மேற்கோள் காட்டிவிட்டு எக்ஸ்டர்னல் முன்னால் நிற்கிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

வரைபடங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் தானாக வைக்கிற எழுத்தளவு 10, படம் 6.4க்கு 4.8 அங்குலம். ரிப்போர்ட்டில் அது போதும். அதையே ஸ்லைடின் பாதி அகலத்துக்குச் சுருக்கி வைத்தால் அச்சில் உள்ள எண்கள் கடைசி பெஞ்சுக்கு வெறும் புள்ளிகள்தான். ஸ்லைடுக்கென்று தனியாக எழுத்தை 16, 18 என்று ஏற்றி, எஸ்விஜியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. நிறத்தில் எல்லோரும் விழுகிற இடம் வெளிர் சாம்பல். இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி விதி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 வெளிச்ச மாறுபாடு கேட்கிறது, வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் 2.85தான் தருகிறது. லேப்டாப்பில் அழகாகத் தெரியும், ஜன்னல் திரை இல்லாத செமினார் ஹாலில் மதியம் இரண்டு மணிக்குப் பழைய ப்ரொஜெக்டரில் அந்த எழுத்து இருக்கிற இடமே தெரியாது.

கன்னடமோ தமிழோ ஸ்லைடில் வருமானால் எழுத்துருவையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது லேபில் உள்ள கணினியில் கட்டம் கட்டமாக வரலாம். நோட்டோ சான்ஸ் கன்னடம், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம், நிறுவிவிட்டு தீமில் (ஸ்லைடின் தோற்றத்தை அமைக்கிற இடத்தில்) பெயரைக் குறிப்பிட்டு பிடிஎஃப் எடுத்தால் எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும். பீமர் ஆட்கள் சாதாரண பிடிஎஃப்லேடெக்கை நம்பாமல் சீலேடெக் அல்லது லுவாலேடெக் என்ற லேடெக்ஸ் வகைகள் வழியாகப் போக வேண்டும்.

ரிவ்யூ நடக்கிற அறைக்கு முன்னாடியே ஒருமுறை போய் ஓட்டிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். பல கல்லூரிகளில் இன்னும் 1024க்கு 768 ப்ரொஜெக்டர், விஜிஏ கேபிள்தான். 16க்கு 9 ஸ்லைடை அதில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து இன்னும் சிறிதாகும். மார்ப்பில் அளவை 4க்கு 3 என்று ஒரு வரியில் மாற்றிவிடலாம், மாற்றிய பிறகு பிஎன்ஜி படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள், அகலம் குறைந்ததால் புதிதாக வரிகள் மடங்கிச் சில பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் பெங்களூர் எஸ்பி ரோட்டில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரி வைஃபையை நம்பி எச்டிஎம்எல் மட்டும் கொண்டு போகாதீர்கள், பிடிஎஃப் ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். மார்ப் எடுத்துத் தரும் பிபிடிஎக்ஸ் (பவர்பாயிண்ட் ஃபைல்) சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் ஒரு படமாகத்தான் இருக்கும், கைடு அதில் திருத்தம் செய்யப் பார்த்தால் முடியாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேசுவதற்கான குறிப்புகளை ஸ்லைடுக்குள் கமென்ட்டாக எழுதினால் மார்ப் அவற்றை பிரசென்டர் நோட்ஸாக எடுத்துக்கொள்ளும். புல்லட்டாக எழுதத் தோன்றுகிற ஒவ்வொன்றையும் முதலில் அங்கே தள்ளிப் பாருங்கள், பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிடும். ஆனால் எச்டிஎம்எல் ஃபைலை யாருக்காவது அனுப்பினால் அந்தக் குறிப்புகளும் கூடவே போகும், “இதைக் கேட்டால் சமாளி” என்பது மாதிரி எதையும் எழுதி வைக்காதீர்கள்.

அப்புறம் பக்க எண். மார்ப்பில் அது தானாக வராது, நாம்தான் போடச் சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னல் பேச்சின் நடுவே எதையாவது குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் “பன்னிரண்டாவது ஸ்லைடுக்குப் போங்க” என்பார். ரிவீலிலும் பிடிஎஃப் ரீடர்களிலும் எண்ணைக் கொடுத்து நேரே அந்தப் பக்கத்துக்குப் போக முடியும், உங்கள் கணினியில் அது எப்படி என்று முன்னாடியே செய்து பழகிக்கொள்ளுங்கள். பேக்கப் ஸ்லைடுகளின் எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தால், முழு டேபிளையும் காட்டுங்கள் என்று கேட்கும்போது அடுத்த நொடியே காட்டிவிடலாம்.