ஹாப்ஸ் போட்ட மூன்றாம் நாள்

அடுக்களைக் கூரையில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. போன மாதம் நான் காய்ச்சிய பேல் ஏல் என்ற பீர் போய் அடித்த இடம். இரண்டு முறை துடைத்துவிட்டேன், போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் மேலே குழாய் ஒழுகுகிறதா என்று கேட்கிறார்கள். மனைவி என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு வந்து ஏழு வருடம். பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் காய்ச்சுவதைப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டது. 19 லிட்டர் பேல் ஏல் இப்போது சுமாராகக் கைவந்துவிட்டது. டிரை ஹாப்பிங்தான் புதுசு.

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ. அதைக் கொதியில் போட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா, அதே கதைதான். அதனால் ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு, இன்னொரு பங்கு ஹாப்ஸை அப்படியே பீரில் போட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுகிறார்கள். அதுதான் டிரை ஹாப்பிங்.

60 கிராம் கேஸ்கேட், 30 கிராம் சிட்ரா என்று இரண்டு வகை ஹாப்ஸ் எடுத்தேன். பூவைப் பொடித்து அழுத்தியிருப்பதால், பொட்டலத்தைப் பிரித்தால் பார்வைக்கு மாட்டுத் தீவனக் குச்சி, பச்சை நிறத்தில். மூக்கருகே கொண்டுபோனால் நாரத்தை இலையைக் கசக்கின வாசனை, அடியில் கொஞ்சம் மாம்பழத் தோல். பை எதுவும் வாங்கவில்லை. பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, கொதிக்க வைத்து, மூட்டையாகக் கட்டி இறக்கினேன்.

அதற்கு முன்னால் மூன்று நாள், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.012லேயே நின்றது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஹாப்ஸ் போட்ட மூன்றாம் நாள், மறுபடி அளக்காமலே, நுரை வருவதற்காக 120 கிராம் சர்க்கரையைக் கரைத்துச் சேர்த்து பாட்டிலில் அடைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டில். நன்றாகக் குளிரவைத்துத்தான் திறந்தேன். மூடி கையை விட்டுப் பறந்தது, பின்னாலேயே நுரை. கழுத்தைக் கட்டைவிரலால் அடைக்கப் பார்த்தது என் முட்டாள்தனம். கூரைக்குப் போனது அப்போதுதான். பாட்டிலில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதை வாயு போகக் கலக்கி அளந்தால் 1.008.

1.012இலிருந்து 1.008க்கு இறங்கிய அந்த நான்கு புள்ளிக்குக் காரணம் ஹாப்ஸேதான். ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் விட்ட டெக்ஸ்டிரின் என்ற மாவுச்சத்துத் துண்டுகளை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் ஹாப்ஸில் இருக்கின்றன. தூங்கப்போன ஈஸ்ட்டை எழுப்பி மறுபடி இலை போட்ட மாதிரி. ஒரு புள்ளி இறங்கினாலே, பீரின் கொள்ளளவில் பாதி அளவுக்குக் கரியமில வாயு சேரும். நான் போட்ட சர்க்கரையின் வாயு வேறு. 1893லேயே இங்கிலாந்தில் பிரவுன், மோரிஸ் என்ற இருவர் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது இதற்கு ஹாப் கிரீப் என்று பெயர். அண்மையில் இதைத் தோண்டி ஆராய்ந்தவர்களில் எங்கள் ஊருக்குத் தெற்கே கோர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. 1972இல் வெளிவந்த கேஸ்கேட் ஹாப்ஸும் அதே ஊர் ஆராய்ச்சியில் பிறந்ததுதான். பிள்ளையையும் பெற்று, அதன் சேட்டையையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மீதி நாற்பத்தைந்து பாட்டிலும் எந்நேரமும் வெடிக்கலாம். தடிமனான கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு கராஜ் ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். இரண்டு நாள் கழித்து, ஒவ்வொன்றின் மேலும் துண்டைப் போர்த்தி, மூடியைக் கொஞ்சம் நெம்பி வாயுவை விட்டு, புது மூடி அடித்தேன். முதுகு போய்விட்டது. வாசனை மட்டும் அபாரம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது அடுத்த 19 லிட்டர் கராஜில் இருக்கிறது. ஹாப்ஸ் போட்ட அன்று 1.012. அப்புறம் 1.010, 1.009. நேற்றும் இன்றும் 1.008. நாளைக்கும் அதே எண் வந்தால் பாட்டிலில் ஊற்றுவேன். திறப்பது தோட்டத்தில்தான் என்று உத்தரவாகியிருக்கிறது.