வெயிட் போட்டால் உடம்பு இறுகுமா: ஜிம் நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

"வெயிட் போட்டா உடம்பு இறுகிடும், அப்புறம் குனியவே வராது." புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது இதைத்தான். இறுகிப்போனவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் எப்படித் தூக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி எடையை நெஞ்சுவரை இறக்கித் தள்ளுவது) எடைக் கம்பியான பார் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழுவது) தொடை பாதி வழிகூட இறங்காது. கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது) அடிக்கும்போது முழங்கை ஒரு தடவைகூட முழுசாக நீளாது. எவ்வளவு தூரம் எடையோடு போய் வருகிறோமோ அந்தத் தூரம்தான் மூட்டுக்குப் பழகும். குறை இருப்பது எடையில் இல்லை, அரைகுறை ரெப்பில் (ஒரு தடவை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்).

2021ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் மொத்தம் 452 பேர். மூட்டு வீச்சை, அதாவது மூட்டு அசையும் தூரத்தை, கூட்டுவதில் எடைப் பயிற்சியும் ஸ்ட்ரெட்சிங்கும் ஏறக்குறைய சமம் என்றே வந்தது.

மார்ச் 6, வியாழன்

வீச்சு கூடுவது எப்படி? முதல் சில வாரங்களில் தசை நீண்டுவிடுவதில்லை, இழுப்பைத் தாங்கும் சகிப்புதான் கூடுகிறது. முன்பு "போதும்" என்று நரம்பு மண்டலம் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போக இப்போது அது விடுகிறது. எடையை மெதுவாக இறக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்தால் தசை நார்க்கற்றைகளின் நீளமும் கூடும். அதனால்தான் தூக்குவதைவிட இறக்குவதில் கவனம் வைக்கச் சொல்கிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

குனிந்தால் பின்தொடை இழுக்கிறது என்பவர்களுக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது நின்றபடி இடுப்பை மடக்கி எடையை இறக்கி ஏற்றுவது. கைக்கு ஒன்றாக 8 கிலோ டம்பெல் போதும். முழங்காலைச் சற்று மடக்கி, அந்தக் கோணத்தை அப்படியே பூட்டிவிட வேண்டும். இரு கையும் நிறைந்திருக்க, பின்னால் இருக்கும் கதவைப் புட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். டம்பெல் தொடையை உரசியபடி இறங்கட்டும். இறக்க 3 விநாடி, கீழே 1 விநாடி நிறுத்தம். 8 ரெப் சேர்ந்தது ஒரு செட், அப்படி 3 செட், வாரம் இரண்டு நாள்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, தரையைத் தொட்டே தீருவேன் என்று போவது. இடுப்பு மடிவது நின்ற பிறகு கீழ்முதுகு வளையத் தொடங்கும். அதற்கு மேல் இறங்கும் தூரம் முதுகு கொடுப்பது, பின்தொடைக்கு அதில் பங்கில்லை. முதுகு வளையப்போகிற இடம்தான் உங்கள் அடிமட்டம், அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் சரி. இன்னொன்று, இறங்க இறங்க முழங்கால் மடிந்துகொண்டே போவது. பின்தொடைத் தசை முழங்காலையும் தாண்டிப் போவதால், முழங்கால் மடிந்தால் தசை தளர்ந்துவிடும். பார்க்க டெட்லிஃப்ட், உள்ளே ஸ்குவாட்.

மார்ச் 13, வியாழன்

புதிதாக இந்த டெட்லிஃப்டைச் செய்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துப் பின்தொடை கட்டையாக இருக்கும், படியிறங்கவே சிரமப்படும். வலியோடு வீச்சும் தற்காலிகமாகக் குறையும். "இறுகிடுச்சு" என்ற நம்பிக்கைக்குப் பாதிக் காரணம் இதுதான். மூன்று நான்கு நாளில் தானே சரியாகும். அந்த நாட்களில் குனிந்து அளந்து பார்த்து மனம் ஒடிய வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்

ஸ்குவாட்டில் குதிகால் எழும்புகிறதா? இடுப்பைக் குறை சொல்லும் முன் கணுக்காலை அளங்கள். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொடத் தொடப் பாதத்தைப் பின்னால் நகர்த்தி, கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். 10 செ.மீ. வந்தால் பெரும்பாலும் கணுக்கால் தடையில்லை. 1 செ.மீ. என்பது கணுக்கால் மடிவதில் சுமார் மூன்றரை டிகிரி. இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள்.

இழுப்பு கெண்டைக்காலில் தெரிந்தால் பயிற்சிக்குப் பணியும். படி விளிம்பில் முன்பாதம் வைத்து, குதிகாலை 3 விநாடியில் இறக்கி, கீழே 2 விநாடி இருந்து ஏற வேண்டும். 10 ரெப், 3 செட். இதே அளவு முழங்காலை மடக்கியும் ஒரு முறை, ஏனென்றால் ஸ்குவாட்டில் மடங்கிய காலில்தான் வேலை நடக்கிறது. கணுக்காலின் முன்பக்கம் கிள்ளுவதுபோல் இருந்தால் அது தசை விஷயம் இல்லை, மூட்டு. அழுத்தித் தள்ளாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுவது நல்லது. அதுவரை குதிகாலுக்கு அடியில் இரண்டரை கிலோ பிளேட் வைத்து ஸ்குவாட் செய்யலாம். இதை ஏமாற்று வேலை என்பவர்களுக்கு, பளுதூக்கும் வீரர்களின் ஷூவைத் திருப்பி, உயர்ந்திருக்கும் குதிகாலைக் காட்டுங்கள்.

மார்ச் 20, வியாழன்

கனமான செட்டுக்கு முன்னால் ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் அசையாமல் இழுத்து வைத்திருந்தால் பலம் சற்றுக் குறையும். நீண்ட ஸ்ட்ரெட்சிங் கடைசியில். முன்னால் வெறும் பாரோடு இரண்டு செட், முழு வீச்சில்.

மார்ச் 28, வெள்ளி

தோள்பட்டை. சுவரில் முதுகு சாய்த்து, குதிகால் ஒரு சாண் தள்ளி, கீழ்முதுகு சுவரில் பட்டபடி இரு கையையும் நேராக மேலே கொண்டுபோய்க் கட்டைவிரலால் சுவரைத் தொட வேண்டும். பலருக்கும் கை தொடும் நேரத்தில் முதுகு சுவரை விட்டு விலகும். அது தோளின் வீச்சு அல்ல, விலா எலும்பு தூக்கிக் கொடுத்த கடன். அவர்களுக்கு 6 கிலோ டம்பெல்லில் புல்ஓவர் (மல்லாந்து படுத்து எடையைத் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுவது), விலாவைக் கீழே அடக்கி வைத்து 10 ரெப். கர்லாக்கட்டை சுற்றப் பழகியவர்களுக்கு இந்தச் சுவர்ச் சோதனை பெரும்பாலும் சுலபம். புதியவர்கள் 2 கிலோ கட்டையில் தொடங்கட்டும்.

இதற்கு நேரெதிரான ஒரு கூட்டமும் உண்டு: முழங்கை பின்பக்கம் வளைகிறவர்கள், கட்டைவிரலை மடக்கி முன்னங்கையைத் தொடுகிறவர்கள், உள்ளங்கை தரையில் பதியக் குனிகிறவர்கள். இவர்களுக்கு மேலும் ஸ்ட்ரெட்சிங் வேண்டாம். பிரஸ்ஸில் முழங்கையை முழுசாக நீட்டிப் பூட்டுவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, அங்கேயே 5 விநாடி பிடிக்கச் சொல்ல வேண்டும். எடை ஏற்றுவது ரெப் ஆடாமல் வந்த பிறகுதான்.