கோதுமையை நிறுத்திய நாற்பது நாட்கள்

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், எங்கள் வீட்டில் இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வந்தது. மூன்று வருடங்கள் அப்படியே ஓடின. ஆனால் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். காலையில் அடித்துப் போட்டாற்போல் உடம்பு அசதியாக இருக்கும். "குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டுப் பாரேன் அக்கா" என்றாள் தங்கை. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் புரதம் அது. சப்பாத்தி மாவு இழுத்த இழுப்புக்கு வருவது அதனால்தான்.

நமக்கு இது சுலபம் என்றே நினைத்தேன். இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் களி, தினைப் பொங்கல் எதிலும் குளூட்டன் கிடையாது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

இரண்டு வாரம் கழித்து, சாம்பாருக்குப் பெருங்காயம் போடும்போது டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று அச்சாகியிருந்தது. சுத்தப் பெருங்காயத்தின் காரம் தாங்காது என்று மாவும் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள். தினமும் குழம்பிலும் ரசத்திலும் அதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! மளிகைக்கடை அண்ணாச்சி பின்கட்டில் தேடி, அரிசி மாவு சேர்த்த ஒன்றை எடுத்துத் தந்தார். மாவு மில்லிலும் இதே கதைதான். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் என் கேழ்வரகும் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டேன்.

வயிறு இலேசானது உண்மை. ஆனால் இரவில் இடியாப்பமும் ஆப்பமுமாகச் சாப்பிட்டதில், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏறிவிட்டது. நாற்பதாம் நாள் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நிறுத்துவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?"

செய்யவில்லை. குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் பழுதடையும் சீலியாக் நோய் இருந்தால், ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் தெரியும். குளூட்டனை நிறுத்தினால் அது குறைந்துவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். இனி பரிசோதிக்க வேண்டுமானால் ஆறு வாரம் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டும் என்றார். தினமும் இரண்டு வேளை சப்பாத்தி, வயிற்று உப்புசத்தோடு. இதை யாரும் முன்பே சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முடிவில் சீலியாக் இல்லை என்று வந்தது. கோதுமையில் ஃபிரக்டான் என்ற ஒருவகைக் கார்போஹைட்ரேட் இருக்கிறது, அது யாருக்கும் செரிக்காமல் குடலில் புளித்து வாயுவாகும், சிலருக்கு அது தொல்லை தரும், வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது உண்டு என்று மருத்துவர் விளக்கினார். எனக்குச் சட்டென்று உறைத்தது. என் சப்பாத்திக்கு எப்போதும் தொட்டுக்கொள்ள வெங்காயக் குருமாதான். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பாசிப்பருப்புக் கூட்டோடு ஒரு சப்பாத்தி சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை; வெங்காயம் சேர்ந்தால்தான் தொல்லை.

போன மாதம் தங்கை மகள், தனக்கும் வயிறு சரியில்லை, கோதுமையை நிறுத்தப்போகிறேன் என்றாள். மறுநாள் காலை, வழக்கம்போல் அவள் சப்பாத்தி சாப்பிட்டு முடித்ததும், நானே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.