மிசோ சூப் சப்பென்று இருந்தால் தண்ணீரைப் பாருங்கள்

இந்த ஜப்பானிய சூப்பில் ருசி ஏறவில்லை என்றால் பலரும் மிசோவைத்தான் (புளிக்கவைத்த சோயா விழுது) குறை சொல்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியது போர் தண்ணீரை.

சூப்பின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கொம்பு என்னும் காய்ந்த கடற்பாசியையும், சீவிய காய்ந்த சூரை மீனையும் ஊறவைத்து எடுப்பது. கொம்பில் இருக்கும் குளூட்டமேட் என்ற அமினோ அமிலம்தான் அந்த ருசிக்குக் காரணம் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா 1908-இல் கண்டறிந்தார். ஜப்பானில் பெரும்பாலும் மென்தண்ணீர், அதனால் அது சுலபமாக இறங்கிவிடும். போரில் வரும் உப்புத் தண்ணீரில் (கடின நீர்) இருக்கும் கால்சியம் கடற்பாசியின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சாறு இறங்குவதைத் தடுக்கும், மேலே நுரையும் கட்டும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில் அதையே எடுங்கள் (அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியில் வந்ததுதான்!). வராத வீட்டில் ஆர்.ஓ. கேன் தண்ணீர். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் நம் பக்கத்துப் பிரச்சினையான ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும்.

நாலு பேருக்கு 800 மில்லி தண்ணீர், 8 கிராம் கொம்பு. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கழுவிவிடாதீர்கள், ஈரத்துணியால் தூசியை மட்டும் துடைத்தால் போதும். அரைமணி நேரம் ஊறியதும் சின்னத் தீயில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் குமிழ் கிளம்பும்போதே கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கிவிடும். பிறகு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, 15 கிராம் சூரைச் சீவலைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். பிழியக் கூடாது.

சூரைச் சீவல் கிடைக்காவிட்டால் நெத்திலிக் கருவாடு தாராளமாகப் போடலாம். ஜப்பானிய வீடுகளிலும் காய்ந்த நெத்திலி தாஷி உண்டு. 15 கிராம் எடுத்து, தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, கொம்போடு சேர்த்தே ஊறவையுங்கள். கொம்பை எடுத்த பிறகு நெத்திலி மட்டும் ஐந்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கட்டும். ஆனால் நம் கடைக் கருவாட்டில் உப்பு அதிகம், அதனால் மிசோவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். சைவம் என்றால் காய்ந்த ஷிடாக்கே காளான் நாலு, குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க.

காய்கறி உங்கள் இஷ்டம். முள்ளங்கியை மெல்லிசாக நறுக்கி தாஷியில் வேகவையுங்கள். டோஃபு (சோயா பன்னீர்) கடைசியில் சூடேறினால் போதும். வாகாமே என்னும் காய்ந்த கடற்பாசி ஆளுக்கு ஒரு கிராம்தான். ஊறினால் பத்து மடங்கு ஆகும், கைப்பிடி அள்ளிப் போட்டால் சூப் கூட்டாகிவிடும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் மிசோ. சிவப்பு மிசோவில் உப்பு சுமார் 12 சதவீதம், நாலு பேருக்கு அதில் 60 கிராம் கணக்கு. பாதியைப் போட்டு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். கியோட்டோ பாணி இனிப்பு வெள்ளை மிசோவில் உப்பு அதில் பாதி அளவுதான், கூடுதலாகப் பிடிக்கும். நேராகப் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், கரண்டியில் கொஞ்சம் சாறு விட்டுக் கரைத்து ஊற்றுங்கள். கரைத்த பிறகு கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மறுபடி சூடாக்கும்போதும் அப்படியே, ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கிவிடுங்கள்.

கறிவேப்பிலை தாளிப்பு மட்டும் வேண்டாம், தாஷி அதில் காணாமல் போய்விடும். பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் போதும்.