பத்தாவது கேள்வியும் ஒரு ஸ்கூபா சர்டிஃபிகேட்டும்

தீவுக்குப் போய் ஸ்கூபா, அதாவது காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதை, கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 'டைவர் மெடிக்கல்' என்ற படிவத்தை இணையத்திலிருந்து இறக்கி, அதிலுள்ள 10 கேள்விகளையும் நிதானமாகப் படியுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. டைவ் சென்டரிலிருந்து வந்த மெயில்களில் முன்பணம் எவ்வளவு, மீதியை எப்போது கட்டவேண்டும், கால் அளவு என்ன, உயரம் எவ்வளவு என்று எல்லாமே இருந்தது. படிவத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

அது என் கைக்கு வந்தது, நீச்சல்குளப் பயிற்சி தொடங்கவேண்டிய காலையில். முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. நுரையீரல், இதயம், காது மூக்கு, மயக்கம், முதுகு, வயிறு என்று வரிசையாகக் கேள்விகள். 45 வயதைத் தாண்டியவரா என்றும் ஒன்று. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆம்' போட்டாலும் பயமில்லை. இரண்டாம் பக்கத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், அதிலுள்ள துணைக்கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் தப்பித்துவிடலாம். ஆனால் 3, 5, 10 ஆகிய மூன்று கேள்விகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே 'ஆம்' போட்டால் நேராக மூன்றாம் பக்கம், டாக்டர் கையெழுத்து. மிதமான உடற்பயிற்சிக்கே திணறுவீர்களா என்பது மூன்றாவது. கடந்த 12 மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பது ஐந்தாவது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது பத்தாவது. கருத்தடை மாத்திரைக்கு விலக்கு உண்டு. பெரும்பாலான மலேரியா தடுப்பு மாத்திரைகளுக்கும் உண்டு. தைராய்டு மாத்திரைக்கு இல்லை. நான் தினமும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது அதைத்தான்.

'ஆம்' என்று போட்டுக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க முடியாது என்றார். சரி, இதை முன்கூட்டியே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டதற்கு, எல்லாரும் இங்கே வந்துதான் நிரப்புவார்கள் என்று பதில். என் மனைவிக்குப் பத்தும் 'இல்லை'. அவள் ஃபின்னை, அதுதான் காலில் மாட்டுகிற துடுப்பை, கையில் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டாள். நான் கிளினிக் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பினேன்.

தீவில் இருந்தது ஒரே கிளினிக். காலையில் போனால் மாலையில் வரச் சொன்னார்கள். மாலையில் போனால் டாக்டர் இருந்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல், வண்டியிலிருந்து விழுந்த காயம், காலில் முள் குத்தியது, இதெல்லாம் நான் பார்ப்பேன், உங்கள் பழைய ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லாமல் கடலுக்கடியில் போகலாம் என்று எப்படி எழுதித் தருவது என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஃபீஸும் வாங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கோபம் வந்தது சென்டருக்குத் திரும்பிய பிறகுதான். கவுன்ட்டர்க்காரர் மேஜைக்கடியிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டி, இதில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுங்கள், நாளைக் காலையே ஆரம்பித்துவிடலாம் என்றார். சிரித்துக்கொண்டே, எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. அதெல்லாம் முடியாது என்றதும், அப்படியானால் கோர்ஸை விட்டுவிட்டு 'ட்ரை டைவ்' ஒன்று போய்வாருங்கள் என்றார். இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து 12 மீட்டர் வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவது அது. அதற்கும் இதே படிவம்தான் என்பதை அவருக்கு நான் காட்டவேண்டியிருந்தது.

தைராய்டு மாத்திரையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்கிற காகிதம் இதுதான், அதில் இருக்கப்போவது என் கையெழுத்து. ஆஸ்துமா உள்ள ஒருவருக்கும் இதே யோசனையைத்தான் அந்தக் கவுன்ட்டரில் சொல்வார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, வெளியே விடாமல் மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதை ஸ்கூபாவில் முதல் விதியாக வைத்திருப்பது அதனால்தான். காற்று எங்கேயாவது ஒரு மூலையில் சிக்கிக்கொள்ளும் நுரையீரல் உள்ளவருக்கு இது உயிர் விஷயம்.

கடைசியில் கைகொடுத்தவர், ஊரில் எனக்கு வழக்கமாக வைத்தியம் பார்க்கிற டாக்டர்தான். மூன்று பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டைவிங் தொடர்பான மருத்துவ வழிகாட்டுதல் யு.எச்.எம்.எஸ். என்ற அமைப்பின் தளத்தில் இருக்கிறது என்று படிவத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதையும் சுட்டிக்காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, என் பழைய ரிப்போர்ட்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு, போனில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, கையெழுத்தும் சீலும் போட்டு ஸ்கேன் செய்து அனுப்பினார். பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். செல்லாது என்றார்கள். மூன்றாம் பக்கத்தில் 'அனுமதி', 'அனுமதி இல்லை' என்று இரண்டு சின்னக் கட்டங்கள் உண்டு. கையெழுத்து, சீல், தேதி எல்லாம் இருந்தது, கட்டத்தில் டிக் மட்டும் இல்லை. அந்த ஒரு டிக்குக்காக டாக்டர் மறுபடி கிளினிக்குக்கு வரும்வரை காத்திருந்ததில் இன்னொரு பொழுது போயிற்று. உங்கள் டாக்டர் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே நின்று அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. 'ஓப்பன் வாட்டர்' என்ற இந்தத் தொடக்கநிலைக் கோர்ஸில் மூன்று பகுதிகள்: பாடம், குளத்துப் பயிற்சி, கடலில் நான்கு டைவ். பாடத்தை ஆன்லைனில் முடித்து, குளத்துப் பயிற்சியை ஊரிலேயே ஒரு சென்டரில் செய்துவிட்டு, 'ரெஃபரல்' என்ற தாளை வாங்கிக்கொண்டு போனால், தீவில் கடல் டைவ்கள் மட்டும்தான் பாக்கி. 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் கோர்ஸில் அந்த ரெஃபரல் 12 மாதம் செல்லும். இப்படிச் செய்தால் படிவச் சண்டையையும் ஊரிலேயே போட்டு முடித்துவிடலாம். விடுமுறை முழுவதையும் வகுப்பறையில் கழிக்கவேண்டியதும் இல்லை.

பாடமும் தேர்வும் சுலபம். தேர்வில் வருகிற 200 மீட்டர் நீச்சலுக்கு நேர வரம்பு கிடையாது, எந்த நீச்சலிலும் நீந்தலாம். பத்து நிமிடம் மிதப்பதும் அப்படியே.

குளத்தில் என்னைப் படுத்தியது என் மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. மூக்குக்குக் கீழே அது என் மீசை மேல் உட்கார்ந்தது. முடிக்கு நடுவே சன்னமாகக் கசிந்த தண்ணீர் மூக்குவரை ஏறிக்கொண்டே இருந்தது. மாஸ்க்கை மாற்றிக் கொடுத்தார்கள், பட்டையை இறுக்கினார்கள். இறுக்க இறுக்க இன்னும் கசிந்தது. கரையில் உட்கார்ந்திருந்த மனைவி, "ஏங்க, அதை எடுத்துத் தொலைச்சாத்தான் என்ன?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். முழுதாக எடுக்கத் தேவையில்லை என்று இன்ஸ்ட்ரக்டர்தான் காப்பாற்றினார். மூக்கை ஒட்டினாற்போல் மேல் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று மழித்தால் சிலிக்கான் உட்காரத் தோல் கிடைத்துவிடும். அன்று இரவே மழித்தேன். மறுநாள் ஒரு சொட்டு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பழைய காலத்து மேடை நாடக வில்லன் மாதிரி இருந்தது, அது வேறு விஷயம்.

மாஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டுகிற பயிற்சிதான் நிறையப் பேர் பயப்படுவது. வாயில் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவி இருக்கிறது, காற்று வருகிறது, ஆனாலும் மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு மூச்சை நிறுத்திவிடுகிறது. இதற்கு வீட்டிலேயே பழகலாம். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி, ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சில நாள் செய்தால் மூக்கு அடங்கிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் இந்த இடத்தில் விருட்டென்று மேலே பாய்ந்து பாய்ந்தே கோர்ஸை விட்டுப் போய்விட்டார்.

குழு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். எட்டுப் பேர் வரை விதி இடம் கொடுக்கிறது, எங்கள் சென்டர் அந்த எட்டையும் நிரப்பி வைத்திருந்தது. ஒவ்வொருவராகச் செய்துகாட்டும்வரை மற்றவர்கள் மணலில் மண்டியிட்டுக் காத்திருக்கவேண்டும். வெதுவெதுப்பான கடல்தான், ஆனால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அரைமணி நேரத்தில் பல் தந்தியடித்தது. அரைக்கை டைவிங் உடை கொடுத்தால் முழுக்கை கேட்டு வாங்குங்கள்.

காது விஷயத்தில் வீரம் வேண்டாம். மேற்பரப்பிலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். அதனால் வலி ஆழத்தில் இல்லை, முதல் சில மீட்டரில்தான். வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவேண்டும், திரும்பத் திரும்ப. அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மேலே போய் மறுபடி முயல வேண்டும். எல்லாரும் கீழே காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் அழுத்தி இறங்கிய ஒரு பையனுக்கு மிச்ச நாளெல்லாம் கரையில்தான். சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் ஆகாது. கீழே இருக்கும்போது மருந்தின் வீரியம் இறங்கினால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

கடலில் முதல் டைவ்கள் நன்றாகவே போயின. ஒரே குறை, உருளையில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியில் மற்றவர்களின் முள் 100-ல் இருக்கும்போது என்னுடையது 50 பாரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையை வீசி நீந்துகிறவன் காற்றைக் குடித்துத் தீர்ப்பான், கையைக் கட்டிக்கொள் என்று இன்ஸ்ட்ரக்டர் பலகையில் எழுதிக் காட்டினார். கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம், மூச்சை இழுத்தால் அரையடி எழும்பி, விட்டால் அரையடி தாழ்ந்து, தரையையும் தொடாமல் மேலேயும் போகாமல் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். அலைச்சல் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு நிமிடம் சரியாகப் போய்விட்டது. 18 மீட்டரில் என் சிவப்பு ஃபின் சேற்று நிறமாகத் தெரிந்ததையும் சொல்லவேண்டும். தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறம் சிவப்பு.

கடைசிச் சண்டை விமானத்துக்காக. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கவேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். கையெழுத்துக்காக அலைந்ததில் என் நாட்கள் சுருங்கி, கடைசி இரண்டு டைவ்களையும் மதியத்துக்குப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம். எல்லாரும் இப்படித்தான் பறக்கிறார்கள் என்று அதே கவுன்ட்டர், அதே சிரிப்பு. இந்தமுறை இன்ஸ்ட்ரக்டர் என் பக்கம் நின்றார். காலைப் படகில் இடமில்லை என்றவர்களுக்கு, திடீரென்று இடம் கிடைத்தது. பதினொன்றரைக்கெல்லாம் கரையேறிவிட்டேன். திரும்பும் டிக்கெட்டை எடுக்கும்போதே கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழுநாள் விட்டுவிட்டால் யாரிடமும் இந்தக் கணக்குப் பேசவேண்டியதில்லை. பயணக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள், பல பாலிசிகளில் ஸ்கூபாவைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

சர்டிஃபிகேட் கார்டு இப்போது மின்வடிவில்தான் வருகிறது, போனுக்கே வந்துவிடும். அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் டைவ்களைக் குறித்துவைக்கிற லாக் புத்தகத்தில் ஒவ்வொரு டைவுக்கும் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்தும் சென்டர் முத்திரையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். அடுத்த சென்டரில் கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். நீண்ட இடைவெளி விழுந்திருந்தால் பழையதை நினைவூட்டும் 'ரெஃப்ரெஷர்' பயிற்சி ஒன்று செய்யச் சொல்வார்கள். படிவத்தை அங்கேயும் புதிதாக நிரப்பவேண்டும். டாக்டர் டிக் போட்டுக் கொடுத்த மூன்றாம் பக்கத்தை ஸ்கேன் செய்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.